பூங்கொத்து நின்ற இடம்

ஸ்லீத்தன்,
17 ஜூலை 2022

நஜ்மிய்யாவுக்கு,

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு, நீண்ட ஆலோசனையின் முடிவில், என் இடது கைச் சுண்டுவிரலைக் கீபோர்டின் கண்ட்ரோல் விசைமீது வைப்பதென்று தீர்மானித்தேன். ஆலோசனையில் நானும் என் இடது கையும் மட்டுமே கலந்துகொண்டோம். எதிர்ப்பு இருந்தது. இத்தனை ஆண்டுகளாக மவுஸைப் பிடித்து உழைத்தது வலது கைதான்; இடது கை மடியில் கிடந்து தஸ்பீஹ் மணி உருட்டியது. சோற்றுத் தட்டுக்குப் போகாத கை, யாருக்கும் எதையும் நீட்டாத கை, மணப்பெண்ணின் முகத்தைத் திருத்த மட்டும் ஏன் வர வேண்டும் என்று அது கேட்டது. நியாயமான கேள்வி. மின்சாரம் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் வருகிறது என்று பதில் சொன்னேன். அது பணிந்தது.

இது கடிதம் அல்ல. நாம் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. என் தம்பி மிஃப்தாஹின் மனைவிக்கு இதை எழுதவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஸ்டூடியோவில் என் பக்கத்து நாற்காலியில் இருந்து, நான் எடுத்த படங்களைத் திருத்தியவளுக்கு எழுதுகிறேன். ஆகவே இது தொழில் குறிப்பு. போனில் கேட்கலாமே என்றான் மிஃப்தாஹ். போனில் குரல் கேட்கும்.

விஷயம் இது. ஹாஜ்ஜா மப்ரூக்காவின் மகள் கஸாலாவின் கல்யாணத்தை எடுத்தேன். பெண்கள் விருந்து, மருதாணி, பட்டுப் போர்த்திய நாள், எல்லாம். மாப்பிள்ளைக்குக் காத் ஊர் மருத்துவமனையில் வேலை. ஆகஸ்ட் நடுவில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பாலைவனத்தைத் தாண்டிப் போய்விடுவான். அதற்குள் ஆல்பம் தாயின் கையில் இருக்க வேண்டும். "பொண்ணு அங்க போயிட்டா எனக்கு அவ மொகம் இந்த ஆல்பத்துலதான் ரபீஆ. பாத்துக்க" என்றாள் ஹாஜ்ஜா. பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மண்டபத்தில் ஜெனரேட்டர் விளக்கு. எல்லா முகத்திலும் ஒரு பச்சை. ஒவ்வொரு படமாகத் திருத்தி வருகிறேன். இதே வேகத்தில் போனால் கஸாலாவின் முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது ஆல்பம் முடியும்.

இந்த மக்ரூத் இனிப்பு டப்பாவின் அடியில், துணியில் சுற்றி, ஹார்டு டிஸ்க் இருக்கிறது. பெண்கள் படம் இணையத்தில் ஏறாது என்று தாய்மார்களுக்கு வாக்குக் கொடுத்தவர்கள் நாம். ஆகவே ஷேர் டாக்ஸி ஓட்டும் ஜுமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவில் இனிப்பு இருக்கிறது என்று மட்டும் அவனுக்குத் தெரியும். பார். வழி சொல். பிறகு அழித்துவிடு. ஸ்டூடியோவின் சட்டத்தை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனாலும் நினைவூட்டுகிறேன்: ஒரு கல்யாணம், ஒரு பிரதி, ஒரு பூட்டு.

ரபீஆ

---

கர்யான்,
20 ஜூலை

மதினிக்கு,

டப்பா வந்தது. மக்ரூத் அடிவரிசை மட்டும் இருந்தது. உங்கள் கோபம் இவ்வளவுதான் அளந்து கொடுத்ததா, அல்லது ஜுமா வழியில் பசித்தாரா என்று கேட்டேன். "டப்பா குலுங்கிச்சும்மா, உள்ள இருக்கறது ஒடஞ்சிருமோன்னு கொஞ்சம் எடம் பண்ணினேன்" என்றார். மீசையில் எள் இருந்தது.

தொழில் குறிப்புக்குத் தொழில் பதில்.

ஒவ்வொரு படமாகத் திருத்தாதீர்கள். அந்த விளக்கு எல்லாப் படத்திலும் ஒரே விளக்கு. ஒரு படத்தில் அதைச் சரிசெய்தால் போதும். முதலில் ஃபோல்டர் முழுவதையும் பிரதி எடுத்து, பிரதியில் வேலை செய்யுங்கள். செய்ய மாட்டீர்கள். ஆனாலும் எழுதுவது என் கடமை. பிறகு ஆக்‌ஷன் பலகையைத் திறந்து சிவப்பு வட்டத்தை அழுத்துங்கள். அதன்பின் அந்த ஒரு படத்தில் நீங்கள் செய்வதையெல்லாம் அது பார்த்துக்கொண்டிருக்கும். பச்சையை எடுங்கள், நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள், சேமியுங்கள். பதிவை நிறுத்துங்கள். இதே வேலையை ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றுக்கும் செய் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உதவாதீர்கள்.

ஒன்று மட்டும். அதற்கு ஞாபகம் உண்டு, அறிவு கிடையாது. ஒரு படத்தில் உங்கள் கை தப்பாக எங்கே போனாலும் எல்லாப் படத்திலும் அங்கே போகும்.

சுண்டுவிரல் விஷயம் மகிழ்ச்சி. ஒன்பது வருடம் சொன்னேன்.

தொழில் முடிந்தது. காகிதத்தில் மீதி இருக்கும் இடத்தில் நான் எழுதுவது வேறு.

மார்ச் மாதம், இரண்டு கல்யாண வீட்டுத் தாய்மார்கள் முன்னால், என் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் காட்டி "திருடி" என்றீர்கள். அதில் இருந்தவை நான் திருத்திய படங்களின் பிரதிகள். நம் கம்ப்யூட்டர் வருடத்துக்கு ஒரு முறை சாகிறது. மிஃப்தாஹ் உள்ளே வந்து, பெண்கள் படம் கண்ணில் படாதபடி திரையில் போர்வை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவி அதை உயிர்ப்பிக்கிறார். ஒரு நாள் உயிர்க்காது. அன்றைக்காக வைத்திருந்தேன். நீங்கள் காரணம் கேட்கவில்லை.

ஏப்ரலில் அவருக்கு வேலை மாற்றல் வந்தது. ஊர் மாறியதற்கு அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்கள் பெயர் எங்கும் வரவில்லை.

டிஸ்க்கைத் திருப்பி அனுப்புகிறேன். காலியாக இருக்கிறது. திறந்து பார்ப்பீர்கள் என்று தெரியும்.

நஜ்மிய்யா

---

ஸ்லீத்தன்,
26 ஜூலை

நஜ்மிய்யாவுக்கு,

திறந்து பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.

இனி எழுதப்போவதை நிதானமாக எழுத முயல்கிறேன். நான் பெண்கள் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள். எரிமலையைப் பற்றிக்கூடக் குரல் உயர்த்தாமல் பேசியவள். ஆனால் நேற்று நடந்தது வேறு.

மின்சாரம் மதியத்துக்கு மேல் வந்தது. நீ சொன்னபடி முதல் படத்தைத் திறந்தேன். சிவப்பு வட்டத்தை அழுத்தியதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. யாரோ பார்க்கிறார்கள் என்றால் மனிதர்கள் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறார்கள். பச்சையை எடுத்தேன். நிழலைத் தூக்கினேன். அந்தப் படத்தில் மாப்பிள்ளையின் அத்தை கதூஜா மணப்பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ணுக்கு உறுத்துமான்னு பாக்குறேன், நீ என்னைய எடுத்துத் தொலைக்காத. எடுத்தாலும் என் மொகம் வரக்கூடாது" என்று அன்றே எச்சரித்தவள். ஆகவே வழக்கம்போல, படத்தில் வர விரும்பாதவர்களுக்கு நாம் வைக்கும் மல்லிகைப் பூங்கொத்தை அவள் முகத்தின்மேல் வைத்தேன். எல்லா அடுக்கையும் ஒன்றாக்கிச் சேமித்தேன். பதிவை நிறுத்தினேன். சேமிக்கும்போது சுண்டுவிரல் தன் முதல் பணியைச் செய்தது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிறகு, ஃபோல்டர் முழுவதற்கும் என்று சொல்லி, அழுத்தினேன்.

நஜ்மிய்யா, படங்கள் தாமாகத் திறந்தன. தாமாக மூடின. ஒரு படம் என்ன என்று கண் தெரிந்துகொள்வதற்குள் அடுத்தது. என் கை மடியில் இருந்தது. இரண்டு கையும். ஒரு வாரத்தில் நான் செய்த வேலையை அது நான் மூச்சு விட்டு வாங்குவதற்குள் செய்து, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மேலே போனது. நான் எழுந்து போகவில்லை. போக முடியவில்லை. வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு திப்ராவைக் கூப்பிட்டேன். அவள் தன் மாமியாரையும் தேநீர்ப் பானையையும் வறுத்த வேர்க்கடலையையும் கொண்டுவந்தாள். மூன்று பேர் திரைக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்தோம்.

"யாரு செய்றா இதெல்லாம்?" என்றாள் மாமியார்.

"யாரும் இல்ல" என்றேன்.

"யாரும் இல்லாம எப்படி?"

"நான் ஒரு தடவ செஞ்சு காட்டினேன். அது மிச்சத்தச் செய்யுது."

"என் மருமகளுக்கு முப்பது தடவ காட்டிட்டேன்" என்றாள் அவள், பஸீன் களிக்கு மாவு பிசைவதைப் பற்றி. திப்ரா கடலையை மென்றுகொண்டு திரையைப் பார்த்தபடி, "எனக்கும் ஒரு சிவப்பு பட்டன் வெச்சுவிடுங்க" என்றாள்.

ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளை மின்னல் வந்து போனது. "ஒளி எறங்குது பாரு" என்றாள் மாமியார். ஒவ்வொரு மின்னலுக்கும் மாஷா அல்லாஹ் சொன்னாள். பச்சை போய் வெளிச்சம் வருகிறது என்று நானும் புரிந்துகொண்டேன். கடைசிப் படம் மூடிய அந்தக் கணத்தில் மின்சாரம் போனது. இருட்டில் மாமியார் குலவையிட்டாள்.

ஹாஜ்ஜா மப்ரூக்கா போன வாரமே வந்தாள் என்று சொல்ல மறந்தேன். அவள் கண் முன்னால் மெமரி கார்டை முறைப்படி அழித்தோம். அதற்கும் குலவை. இப்போது கஸாலாவின் கல்யாணம் இந்த ஊரில் ஓர் இடத்தில்தான் இருக்கிறது, பூட்டுக்குள். மின்சாரம் வந்ததும் திறந்து பார்ப்பேன்.

நீ சொன்ன வழி நன்றாக இருக்கிறது. இதை நான் எழுதினேன் என்று மிஃப்தாஹிடம் சொல்ல வேண்டாம்.

ரபீஆ

(மக்ரூத்தின் மேல் காகிதம் ஒட்டி, காகிதத்தின்மேல் என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கிழிந்திருந்தால் ஜுமா.)

---

ஸ்லீத்தன்,
29 ஜூலை

நஜ்மிய்யா,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். டப்பாவும் இல்லை, இனிப்பும் இல்லை. உறையை ஜுமாவின் சட்டைப்பையில் நானே வைத்தேன்.

அந்த வெள்ளை மின்னல் ஒளி அல்ல. பூங்கொத்து.

எல்லாப் படத்திலும் இருக்கிறது. அதே மல்லிகை, அதே அளவு, அதே இடம். கேக்கின்மேல், பறை அடிக்கும் பெண்ணின்மேல், மருதாணிக் கிண்ணத்தின்மேல். ஆனால் அவை சில. கஸாலா இருக்கும் படங்களில் அது அவள் முகத்தின்மேல் இருக்கிறது. அவள் நின்றாலும், உட்கார்ந்தாலும், தாயைக் கட்டிக்கொண்டு அழுதாலும். தாயின் கண்ணீர் தெரிகிறது. எதைப் பார்த்து அழுகிறாள் என்பது தெரியவில்லை.

செய்ததை ரத்து செய்ய, முதல் படத்தில் கண்ட்ரோலையும் இசட்டையும் அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. மூடிய படத்துக்குப் பழைய நினைவு இல்லை. எல்லாம் அதே பெயரில், பழையதன் மேலேயே சேமிக்கப்பட்டிருந்தது. நீ எழுதிய முதல் வாக்கியத்தை நான் செய்யவில்லை. பிரதி எடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு பெருமையாகச் சொன்ன சட்டத்தை என் மேலேயே நிறைவேற்றியிருக்கிறேன். கார்டு அழிந்தது, குலவையோடு. உன்னிடம் வந்த டிஸ்க் காலியாகத் திரும்பியது. நான்தான் அழிக்கச் சொன்னேன்.

இதை உன்னிடம் சொல்வது சரியா தெரியவில்லை. என்றாலும் வேறு யாரிடம் சொல்வது? அழுது முடித்துவிட்டு, ஒன்றாவது தப்பியிருக்கிறதா என்று பார்க்க அம்புக்குறி விசையை அழுத்திப் பிடித்தேன். படங்கள் ஓடின. பூங்கொத்து மட்டும் அசையவில்லை. திரையில் அது நிலையாக நிற்க, அதைச் சுற்றிக் கல்யாணம் சுழன்றது. பெண்கள் வந்தார்கள், போனார்கள், கைகள் உயர்ந்தன, தங்கம் மின்னியது, குழந்தைகள் விழித்தார்கள், தூங்கினார்கள், பட்டு மாறி வெள்ளையாகி மறுபடி பட்டாகியது. பூமி சுற்றுகிறது என்று இருபது ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. நேற்றுப் பார்த்தேன். மூன்று முறை ஓட்டினேன். என் தலைக்குமேல் இடி விழுந்திருக்கும் நேரத்தில் நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காக என்னை நீ எப்படி வேண்டுமானாலும் நினைக்கலாம்.

ஹாஜ்ஜா மப்ரூக்கா இன்று கதவைத் தட்டினாள். "ரபீஆ, ஒண்ணே ஒண்ணு காட்டேன், என் கண்ணுக்கு மட்டும்" என்றாள். மின்சாரம் இல்லை என்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சரிம்மா, நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டாள்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நீ அழித்திருப்பாய். அழி என்றால் அழிப்பவள்தான் நீ. ஆனால் இன்று ஃபஜ்ர் தொழுகையில், ஒருத்தி என் சொல்லைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்று துஆ செய்தேன். இப்படி ஒன்றை அல்லாஹ்விடம் கேட்பது இதுவே முதல் தடவை.

ரபீஆ

---

கர்யான்,
31 ஜூலை

மதினி,

ஹாஜ்ஜாவிடம் இன்னும் எதுவும் சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டரில் எதையும் அழிக்க வேண்டாம். அந்தப் பூங்கொத்துப் படங்களையும்.

ந.

---

கர்யான்,
3 ஆகஸ்ட்

மதினிக்கு,

அழிக்கவில்லை.

டிஸ்க்கைக் காலி செய்து அனுப்பும் முன் என் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டேன். தினமும் காலையில் இன்று அழித்துவிடலாம் என்று திறப்பேன். நாளை என்று மூடுவேன். உங்கள் வாக்கை மீறுகிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். கம்ப்யூட்டர் இருக்கும் எங்கள் படுக்கையறைக் கதவையும் பூட்டித்தான் வைத்திருந்தேன். மிஃப்தாஹ் இந்த இரண்டு வாரமும் முற்றத்தில் படுக்கிறார். கொசு கடிக்கிறதாம். "உங்க ரெண்டு பேர் சண்டையில என் ரத்தம் போகுது" என்கிறார்.

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதம் வந்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். திருடி என்ற வார்த்தையை நீங்கள் திருப்பி எடுத்த பிறகுதான் அனுப்புவது என்று முடிவு செய்தேன். எந்த வாசகத்தில் எடுக்க வேண்டும் என்றுகூட எழுதிவைத்தேன். நன்றாக வந்திருந்தது. இரண்டு நாள் அதைப் படித்துப் படித்துத் திருத்தினேன். மிஃப்தாஹிடம் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு. அந்தப் பொண்ணு எப்ப கெளம்புது?" என்று கேட்டார். அதோடு கிழித்துப்போட்டேன். கஸாலாவுக்கு நம் சண்டை எதற்கு?

படங்கள் இதோ டிஸ்க்கில் இருக்கின்றன. முழுவதும், பச்சை போய், திருத்தியும். எப்படித் திருத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பூங்கொத்து நிலையாக நின்றது, கல்யாணம் சுழன்றது என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் இருப்பதில் பூங்கொத்து இல்லை. ஆகவே நானும் அம்புக்குறியை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். கஸாலாவின் முகம் அசையவில்லை.

முதலில் என் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தை நாக்கில் ஈரப்படுத்தி, திரையில் அவள் மூக்கின்மேல் ஒட்டினேன். ஓட்டினேன். உடை மாறியது, பக்கத்தில் நிற்பவர்கள் மாறினார்கள், உட்கார்ந்தாள், எழுந்தாள், சிரித்தாள், அழுதாள். மூக்கு காகிதத்துக்கு அடியிலேயே இருந்தது. மதினி, நீங்கள் ஸ்டாண்டு வைப்பதில்லை. ஹீல்ஸ் போட்ட இருநூறு பெண்கள் இடிக்கும் கூட்டத்தில், ஒரு கையில் ஃபிளாஷ் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு குழந்தையை முழங்காலால் நகர்த்திக்கொண்டு எடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் முகத்தை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் அழுத்துகிறீர்கள். இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு, நடுவுக்குக் கொஞ்சம் மேலே.

இது கஸாலாவுக்கு மட்டும்தானா என்று பார்க்க வேண்டியிருந்தது. பழைய டிஸ்க்கைத் திறந்தேன். ஆம், அதற்கும் ஒரு பிரதி இருந்தது. நீங்கள் என் பையிலிருந்து எடுத்தது ஒன்று. பிரதிக்குப் பிரதி வைக்காதவள் என்ன வேலைக்காரி? ஒன்பது வருடக் கல்யாணம். கறுப்பு, சிவப்பு, குட்டை, நெட்டை, இப்போது மூன்று பிள்ளைக்குத் தாயானவர்கள், காலமாகிவிட்ட மணப்பெண் ஸுஹைரா. எல்லோரும் வந்து அந்தக் காகிதத்துக்கு அடியில் முகத்தை வைத்துவிட்டுப் போனார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாம் ஒரே ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தது போல இருந்தது. ஒன்பது வருடம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதே முகங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்தியிருக்கிறேன். சேர்த்து ஓட்டிப் பார்த்ததில்லை. கேமராவைப் பிடிக்கத் தெரியாத எனக்கு, அந்தக் கையின் மீது பொறாமைகூட வரவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பூங்கொத்து ஏன் சரியாக அவள்மேல் போய் நின்றது என்று இப்போது புரிகிறதா? கதூஜா அத்தை உட்கார்ந்தது மணப்பெண் நாற்காலியில். நீங்கள் அவளையும் அதே இடத்தில்தான் வைத்தீர்கள். கை பழகிவிட்டது.

ஆகவே நான் செய்தது இதுதான். உங்கள் ஆக்‌ஷனை அப்படியே எழுதிக்கொண்டேன். பூங்கொத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முகத்துக்கு மட்டும் மெல்லிய வெளிச்சம் வைத்தேன். பிரதிமேல் ஓட விட்டு எழுந்து போனேன். தேநீர் நுரை கட்டுவதற்குள் முடிந்தது. எல்லா கஸாலாவின் முகத்திலும் வெளிச்சம் சரியாக இறங்கியிருந்தது. கையால் தொட வேண்டியிருந்தவை மிகச் சில. இந்த வழி இந்த நாட்டில் வேறு எந்த ஸ்டூடியோவுக்கும் உதவாது. அவர்கள் முகத்தை ஆளுக்கொரு மூலையில் எடுக்கிறார்கள்.

கதூஜா அத்தையின் முகத்தை மட்டும் தனியாக மூடியிருக்கிறேன்.

வார்த்தையைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். வாசகம் உங்களுடையது.

நஜ்மிய்யா

(கையெழுத்துக் காகிதம் கிழியவில்லை. ஜுமா டப்பாவை அடிப்பக்கமாகத் திறந்திருக்கிறார்.)

---

ஸ்லீத்தன்,
18 ஆகஸ்ட்

நஜ்மிய்யாவுக்கு,

டிஸ்க் வந்த அன்றே முதலில் வேறொரு ஃபோல்டரில் ஒரு பிரதி எடுத்தேன். அதன் பிறகு இன்னொன்று. பிறகுதான் திறந்தேன். கஸாலா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

காகிதம் ஒட்டிப் பார்த்தேன். நீ எழுதியது உண்மை. எனக்கு இது தெரியாது. கேமராவின் உள்ளே பார்க்கும்போது எனக்கு இடம் எதுவும் தெரிவதில்லை. "இப்போது" என்று ஒன்று தெரியும், அழுத்துவேன். அந்த இப்போது எங்கே நிற்கிறது என்று யாரும் எனக்குக் காட்டியதில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அடுத்த கல்யாணத்தில் கை இடம் தேடத் தொடங்கும் என்று பயமாக இருக்கிறது, ஆகவே நிறுத்துகிறேன்.

மறுநாள் ஹாஜ்ஜா மப்ரூக்காவை வரச்சொன்னேன். மார்ச்சில் இருந்த அந்த இரண்டு தாய்மார்களையும் வரச்சொன்னேன். தேநீர் ஊற்றும் முன் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன். படங்களை நான் கெடுத்ததை, ஒரே பிரதி என்ற சட்டத்தை, நஜ்மிய்யா அதை மீறியதை, மீறியதால் கஸாலாவின் முகம் பிழைத்ததை. இதே இடத்தில் அவளைத் திருடி என்றேன், அந்த வார்த்தை என்னுடையது, அவளுக்குச் சேர்ந்ததல்ல என்றேன். அந்த இருவரில் ஒருத்தி, "அதுக்கென்ன, நாங்க அப்பவே நம்பலை" என்றாள். மார்ச்சில் இதைச் சொல்லியிருக்கலாம்.

ஹாஜ்ஜா மப்ரூக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப என் பொண்ணு படம் கர்யான்ல ஒரு வீட்டுல இருக்கு" என்றாள்.

"இருக்கு."

"யார் வீடு?"

"என் தம்பி பொண்டாட்டி வீடு."

"தம்பி?"

"முத்தத்துல படுக்குறான்."

அவள் யோசித்தாள். "அப்ப அதுவும் இந்த வீடுதான். இருக்கட்டும். என் சொந்தக்காரி ஒருத்திக்குப் போன வருஷம் வீடே எரிஞ்சு போச்சு, ஒரு படம் இல்ல" என்றாள். பிறகு, "அந்தக் கெட்டுப்போன படத்தக் காட்டு" என்றாள்.

காட்ட வேண்டாம் என்றேன். காட்டு என்றாள். ஓட்டிக் காட்டினேன். பறை அடிக்கும் பெண்ணின் தலையில் பூங்கொத்து வந்தபோது சிரிக்கத் தொடங்கியவள், கேக்கில் வந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டாள். மற்ற இருவரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தேன். பூங்கொத்து நின்றது, எல்லாம் சுழன்றது. சிரிப்பு தானாக அடங்கியது. முடிந்ததும், "இன்னொரு தடவ" என்றாள் ஹாஜ்ஜா, மெல்ல.

பிறகு ஒரு படத்தைக் காட்டி அதில் ஒரு பிரிண்ட் வேண்டும் என்றாள். கஸாலா தலை முதல் கால்வரை கோடு போட்ட பட்டைப் போர்த்தி நிற்கும் படம்; கைகூடப் பட்டுக்குள். முகத்தின்மேல் மல்லிகை. இது எதற்கு, நல்ல படம் ஆல்பத்தில் இருக்கிறதே என்றேன். "ஆல்பம் எனக்கு. அது பெட்டிக்குள்ள இருக்கும். இது அவ வாப்பாவுக்கு. அவர் நாள் முழுக்க ஆம்பளைங்க கூடத்துல உக்காந்திருக்காரு. அங்க பொண்ணு படம் மாட்ட முடியுமா? இத மாட்டலாம்" என்றாள்.

பெரிதாக அச்சடித்தேன். பச்சை இல்லை.

என் பக்கத்தில் இருக்கும் உன் நாற்காலியில் துணிமூட்டை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். இனி படங்களின் ஒரு பிரதி உன்னிடம் இருக்கும் என்று ஸ்டூடியோ வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உன் பெயரை முழுதாக எழுதினேன், சுருக்கவில்லை. செப்டம்பர்க் கல்யாணங்களுக்கு நீ இங்கே வந்து இருப்பாயா, அல்லது டப்பா போய் வர வேண்டுமா என்று எழுது. போனிலும் சொல்லலாம்.

கஸாலா திங்கட்கிழமை காத் ஊருக்குப் போனாள். பூங்கொத்துப் படம் அவள் வாப்பாவின் கூடத்தில், கதவுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. அங்கே தேநீர் குடித்துப் போன ஆண்களின் வீடுகளிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அடுத்த இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு படம் பூங்கொத்து வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

ரபீஆ